அட்டையில் அடங்காத தேவை: வணிக மென்பொருளும் பயனர் கதைகளும்

ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் கட்டும்போது, அதைப் பயன்படுத்தப் போகிறவருக்கு என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்பதை அவருடைய வேலையின் மொழியிலேயே இரண்டு மூன்று வரிகளில் எழுதிவைக்கும் குறிப்புக்குப் பயனர் கதை என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் யூசர் ஸ்டோரி என்றே சொல்வார்கள். சில நாட்களில் செய்து முடித்து, பயனரிடம் காட்டி, சரிதானா என்று கேட்கக்கூடிய அளவுக்குச் சிறிய வேலையை அது குறிக்கும். எல்லா விவரமும் அதில் இருக்காது, இருக்கவும் தேவையில்லை. விவரங்கள் பேச்சில் வெளிவர வேண்டும், பேசி முடிவானவை சோதித்துப் பார்க்கத்தக்க உதாரணங்களாக நிற்க வேண்டும் என்பதே இந்த முறையின் அடிப்படை. இன்று மிகப் பல மென்பொருள் குழுக்கள் பயனர் கதை எழுதுகின்றன. ஆனால் அவற்றில் கணிசமானவை, பழைய தேவை ஆவணத்தை வரிவரியாக வெட்டி ஒரு வாய்பாட்டுக்குள் திணித்தவை. வடிவம் வந்துவிட்டது, அதன் பின்னால் நடக்க வேண்டிய பேச்சு வரவில்லை. பயனற்ற கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

நீண்ட ஆவணங்களின் காலம்

மென்பொருள் கட்டுவதில் மிகக் கடினமான பகுதி எதைக் கட்டுவது என்று துல்லியமாக முடிவு செய்வதுதான் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1986இல் வாதிட்டார். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணிக்குத் தலைமை வகித்தவர் அவர். பெரிய திட்டங்கள் எங்கே சறுக்கும் என்பதை அருகிலிருந்து கண்டவர். அந்தக் காலத்தில் இந்தச் சிக்கலுக்கு இருந்த விடை, தேவைகள் அனைத்தையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது. 1984இல் ஐ.இ.இ.இ. அமைப்பு வெளியிட்ட 830 எண் வழிகாட்டி, தேவை ஆவணம் முழுமையாகவும் முரணின்றியும் இருபொருளுக்கு இடமின்றியும் இருக்க வேண்டும் என்றது. நோக்கத்தில் குறை ஒன்றுமில்லை. வேலை தொடங்கும் முன்பே வாடிக்கையாளரால் தன் தேவை முழுவதையும் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கைதான் பல இடங்களில் பொய்த்தது.

எரிக்சனில் பணியாற்றிய ஐவர் யாக்கப்சன் 1980களின் பிற்பகுதியில் முன்வைத்த யூஸ் கேஸ் முறை ஒரு நல்ல திருப்பம். கணினி என்ன செய்யும் என்ற பட்டியலுக்குப் பதிலாக, ஒரு மனிதர் ஒரு காரியத்தை முடிக்க அமைப்போடு எப்படி ஊடாடுகிறார் என்பதைப் படிப்படியாக எழுத அது கற்றுக்கொடுத்தது. சிக்கலான நடைமுறைகளுக்கு அது இன்றும் பொருத்தமான கருவி. ஆனால் எழுதுபவர்களின் கையில் அதுவும் பக்கம் பக்கமாக வளர்ந்து, மற்றொரு பெரிய ஆவணமாக ஆகிவிடுவது உண்டு.

முழு ஆவணம் என்ற நம்பிக்கை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கட்ட முயன்ற விர்ச்சுவல் கேஸ் ஃபைல் பொதுவெளியில் பதிவான ஒரு சான்று. வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றுவது நோக்கம். 2001இல் பணி தொடங்கியது. தேவை ஆவணம் 800 பக்கங்களைத் தாண்டியது. திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை அது விதித்தது. அதே வேளையில், உலக வர்த்தக மையத் தாக்குதலுக்குப் பின் அந்த அமைப்பின் வேலையே மாறிக்கொண்டிருந்தது. ஆவணமும் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. 2005இல் சுமார் 17 கோடி டாலர் செலவோடு திட்டம் கைவிடப்பட்டது. மேலாண்மையில் ஆள் மாற்றம் போன்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் 800 பக்கம் எழுதியும் துப்பறிவாளர் ஒருவர் தன் மேசையில் என்ன செய்கிறார் என்பதில் தெளிவு வரவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

கிரைஸ்லரின் சம்பளப் பட்டியல்

பயனர் கதை பிறந்ததும் ஒரு வணிக மென்பொருளில்தான். கிரைஸ்லர் கார் நிறுவனம் தன் ஊழியர்களின் சம்பளக் கணக்குகளை ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவர எடுத்த திட்டம் சி3 என்று அழைக்கப்பட்டது. தடுமாறிக்கொண்டிருந்த அந்தத் திட்டத்துக்கு 1996இல் மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் அழைக்கப்பட்டார். எழுதியிருந்ததை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கப் பரிந்துரைத்தார்; ரான் ஜெஃப்ரீஸ் அந்தக் குழுவுக்குப் பயிற்றுநராக வந்தார். சம்பளப் பட்டியல் போல விதிவிலக்குகள் மலிந்த துறை குறைவு. தொழிற்சங்க ஒப்பந்தம், மிகைநேர ஊதியம், வரி, பிடித்தம், பாதி மாதத்தில் இடமாற்றம் என்று ஒவ்வொன்றும் ஒரு விதி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு விலக்கு. அதை எழுதி முடித்துவிட்டுக் கட்டத் தொடங்குவதற்குப் பதிலாக, சம்பளப் பிரிவை அறிந்தவரைக் குழுவோடு உட்காரவைத்து, அவர் சொல்வதைச் சிறு அட்டைகளில் தலைப்பு போல எழுதி, எடுத்துச் செய்யும் நேரத்தில் விவரம் கேட்டுக்கொள்வது என்று குழு முடிவு செய்தது. 1997இல் அந்த மென்பொருள் மாதச் சம்பளக்காரர்கள் சுமார் 10,000 பேருக்கு ஊதியம் கணக்கிடத் தொடங்கியது.

சி3 குழுவைப் பார்க்க வந்த அலிஸ்டர் கோபர்ன், இந்த அட்டை பின்னால் பேசுவோம் என்று கொடுக்கும் வாக்குறுதி என்று 1998இல் விளக்கினார். பயனர் கதையைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இதுவே மிகப் பயனுள்ள விளக்கம். 1999இல் பெக் எழுதிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் நூல் அந்த வழக்கத்தை உலகுக்கு எடுத்துச் சென்றது. 2001இல் ஜெஃப்ரீஸ் அதை மூன்று உறுப்புகளாகப் பிரித்தார்: அட்டை, உரையாடல், உறுதிப்பாடு. அட்டை நினைவூட்டும், உரையாடல் விவரம் தரும், உறுதிப்பாடு என்பது வேலை முடிந்ததை எப்படி அறிவது என்று இருதரப்பும் ஒப்புக்கொண்ட சோதனை. இந்த மூன்றில் கண்ணுக்குத் தெரிவது அட்டை ஒன்றே. அதனால்தான் முறையைப் பின்பற்ற விரும்பும் நிறுவனங்கள் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் விட்டுவிடுகின்றன.

சி3 திட்டமே முழு வெற்றி அடையவில்லை. கிரைஸ்லர் டைம்லருடன் இணைந்த பின், பல்லாயிரம் ஊழியர்களுக்கு விரிவாகும் முன்பே, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. முறையின் ஆதரவாளர்கள் சிலர் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. நல்ல பேச்சு ஒரு மென்பொருளைச் சரியாகக் கட்ட உதவும். அந்த மென்பொருளுக்கு நிறுவனம் தொடர்ந்து பணம் ஒதுக்குமா என்பதை அது தீர்மானிக்காது.

யார், என்ன, எதற்காக

இன்று எங்கும் புழங்கும் வாய்பாடு லண்டனில் இருந்த கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் 2001 வாக்கில் உருவானது. இன்னார் என்ற நிலையில், இன்னது வேண்டும், இன்ன காரணத்துக்காக என்று மூன்று துண்டுகள் கொண்டது அது. 2004இல் மைக் கோன் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது. மூன்று துண்டுகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. நடுத் துண்டை எல்லோரும் எழுதிவிடுவார்கள். முதலும் கடைசியும்தான் உழைப்புக் கேட்பவை.

முதல் துண்டில் ‘பயனர்’ என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். மொத்த வியாபார நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொண்டால், கடை கடையாகச் சென்று ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதி, பில் போடுபவர், கோடவுனில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர், பாக்கி வசூலிப்பவர், மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும் கணக்காளர் ஆகிய எல்லோருமே பயனர்தான். ஒருவர் வெயிலில் நின்று ஒற்றைக் கையில் கைபேசியை வைத்துக்கொண்டு ஆர்டர் பதிகிறார். மற்றொருவர் பெரிய திரையின் முன் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் ஒரே திரை பொருந்தாது. வணிக மென்பொருளுக்குப் பணம் கொடுப்பவரும் அதைப் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் என்பதையும் மறக்கலாகாது. கூட்டத்துக்கு வருபவர் மேலாளர். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று அவர் சொல்வார். அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர் கோடவுனில் இருக்கிறார். அவருடைய மேசையில் ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டுகளும், யாருக்கும் காட்டாத எக்செல் தாளும், தனி நோட்டுப் புத்தகமும் இப்போதைய மென்பொருள் எங்கெல்லாம் தவறியது என்பதற்கான பதிவுகள். தேவை சேகரிப்பவர் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவை அவை.

கடைசித் துண்டான காரணம் இன்னும் அதிகமாக அலட்சியப்படுத்தப்படுகிறது. ‘பயனராக, லாகின் செய்ய வேண்டும், உள்ளே நுழைவதற்காக’ என்ற வகையில் எழுதப்படும் கதைகளுக்குக் கணக்கே இல்லை. கேட்டதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது காரணம் ஆகாது. காரணம் உண்மையாக இருந்தால் அது ஒரு வேலை செய்யும்: கேட்கப்பட்ட வழியை விட நல்ல வழி இருந்தால் அதைத் தேட இடம் கொடுக்கும். மேலாளர் ஒருவர் தினமும் மாலையில் விற்பனை அறிக்கை வேண்டும் என்கிறார். எதற்காக என்று கேட்டால், எந்தச் சரக்கு தீரப்போகிறது என்று பார்த்து மறுநாள் கொள்முதலுக்குச் சொல்ல வேண்டும் என்கிறார். அவருக்குத் தேவை விற்பனை அறிக்கை அல்ல; இருப்பு குறைந்ததும் வரும் ஓர் எச்சரிக்கை. நாற்பது பத்திகள் கொண்ட அறிக்கையைக் கட்டிக் கொடுத்திருந்தால் அவர் ஒவ்வொரு மாலையும் அதில் இரண்டு பத்திகளை மட்டும் தேடிக்கொண்டிருப்பார். காரணத்தை எழுத முடியாத கதையை வேலைக்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

ஓர் அட்டையும் அதன் பின்னாலிருக்கும் பேச்சும்

உரையாடல் என்ன தரும் என்பதை ஓர் உதாரணத்தில் முழுமையாகப் பார்க்கலாம். மேலே சொன்ன மொத்த வியாபார நிறுவனத்தில் ஓர் அட்டை இப்படி இருக்கிறது: கடைக்காரரிடம் ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு, ஆர்டரைப் பதியும் முன்பே அந்தக் கடையின் பாக்கி தெரிய வேண்டும், ஆர்டர் எடுத்துவிட்டுப் பிறகு கடன் வரம்பைக் காட்டிச் சரக்கு அனுப்ப மறுக்கும் நிலை வராமல் இருப்பதற்காக. படித்தால் தெளிவாகவே இருக்கிறது. அனுபவமில்லாத குழு இதை ஒரே நாளில் கட்டிவிடலாம் என்று நினைக்கும்.

பேசத் தொடங்கியதும் ‘பாக்கி’ என்ற சொல்லே நிலைகுலைகிறது. கடைக்காரர் நேற்றுக் கொடுத்த காசோலை இன்னும் வங்கியில் பாஸாகவில்லை. விற்பனைப் பிரிவின் கணக்கில் அந்தப் பணம் வந்துவிட்டது; கணக்குப் பிரிவின் கணக்கில் வரவில்லை. பின்தேதியிட்ட காசோலை கொடுத்திருந்தால் என்ன செய்வது? இன்று காலை லாரியில் ஏறிய சரக்குக்கு மாலையில்தான் பில் போடுவார்கள். அதுவரை அந்தத் தொகை யாருடைய கணக்கில் இருக்கிறது? போன வாரம் எடுத்து இன்னும் அனுப்பாத ஆர்டரைச் சேர்ப்பதா? ஒரே முதலாளிக்கு இரண்டு கடைகள் இருந்தால் வரம்பு தனித்தனியா, சேர்த்தா? தீபாவளிக்கு முந்திய மாதத்தில் முதலாளி தொலைபேசியில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லும் கடைகள் உண்டே, அந்த அனுமதியை யார், எங்கே பதிவது?

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் நிரலாளர் விடை சொல்ல முடியாது. பலவற்றுக்கு நிறுவனத்திடமும் தயாரான விடை இருக்காது. இரண்டு பிரிவுகளும் ஆண்டுக்கணக்கில் இரண்டு விதமாகச் செய்து, மாதக் கடைசியில் சண்டை போட்டுச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும். மென்பொருள் அந்த முரணை மறைத்துவைக்க இடம் தராது. யாராவது ஒருவர் முடிவு எடுத்தாக வேண்டும், அந்த முடிவு வணிக முடிவு. அதை எடுக்க அதிகாரம் உள்ளவரைப் பேச்சில் சேர்க்காமல் நடத்தும் தேவை சேகரிப்பு வீண். அப்படிப்பட்டவர் இல்லாத இடத்தில் நிரலாளர் தனக்குத் தோன்றியதை எழுதிவிடுவார். நிறுவனத்தின் கடன் கொள்கையை, யாரும் கேட்காமலேயே, அவர் தீர்மானித்ததாக ஆகிவிடும். வணிக மென்பொருள்களில் பல விதிகள் இப்படித்தான் நுழைந்தன.

பேச்சில் கலந்துகொள்ள வேண்டியவர்கள் குறைந்தது மூன்று வகையினர்: வணிகத்தை அறிந்தவர், கட்டப் போகிறவர், சோதிக்கப் போகிறவர். சோதிப்பவரைக் கடைசியில் கூப்பிடும் வழக்கம் தவறு. ‘சரியாக வரம்பு அளவுக்கே வந்தால்?’, ‘பாக்கி எதிர்மறையாக இருந்தால்?’ என்று கேட்கும் பழக்கம் அவருக்குத்தான் இருக்கிறது. அந்தக் கேள்விகளைக் கட்டி முடித்த பின் கேட்பதை விடக் கட்டும் முன் கேட்டால் செலவு குறைவு.

பேச்சின் விளைவு உதாரணங்களாக எழுதப்பட வேண்டும். டான் நார்த் 2006இல் விரிவாக எழுதிய நடத்தை சார்ந்த மென்பொருளாக்க முறை இதற்கு ஓர் எளிய வடிவம் தந்தது: இருக்கும் நிலை, நடக்கும் செயல், வர வேண்டிய விளைவு. கடையின் வரம்பு 2,00,000 ரூபாய், பாக்கி 1,60,000 ரூபாய் என்று இருக்கும் நிலையில், 40,000 ரூபாய்க்கு ஆர்டர் பதிந்தால், அது ஏற்கப்படும். அதே நிலையில் 50,000 ரூபாய்க்குப் பதிந்தால், ஆர்டர் நிறுத்திவைக்கப்பட்டு விற்பனை மேலாளரின் அனுமதிக்குப் போகும். 30,000 ரூபாய் காசோலை கொடுத்து அது பாஸாகாத நிலையில், பாக்கி 1,60,000 ஆகவே காட்டப்படும். காசோலை தனி வரியில் தெரியும். கைபேசிக்கு இணையம் கிடைக்காத ஊரில், கடைசியாகத் தெரிந்த பாக்கியும் அது எந்த நேரத்துக் கணக்கு என்பதும் காட்டப்படும். ‘வரம்பை மீறக் கூடாது’ என்ற பொதுவாக்கியத்துக்கு மூன்று பேர் மூன்று பொருள் கொள்ள முடியும். 40,000 ரூபாய் ஆர்டர் ஏற்கப்படும் என்ற வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான். எண் போட்டு எழுதுவது கணக்காளருக்கும் புரியும், சோதனை நிரலாகவும் மாறும். இந்த வழக்கம் இல்லாத குழுக்களில்தான், கேட்டது வேறு வந்தது வேறு என்ற புகார் ஒவ்வொரு மாதமும் எழுகிறது.

அளவும் வெட்டும் விதமும்

நல்ல கதைக்கான ஆறு இலக்கணங்களை பில் வேக் 2003இல் தொகுத்தார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இன்வெஸ்ட் என்பார்கள். பிற கதைகளைச் சாராதிருத்தல், பேசி மாற்றத்தக்கதாக இருத்தல், பயனருக்கு மதிப்புடையதாக இருத்தல், உழைப்பை மதிப்பிடத்தக்கதாக இருத்தல், சிறியதாக இருத்தல், சோதிக்கத்தக்கதாக இருத்தல் என்பவை அவை. மனப்பாடம் செய்யப்பட்ட அளவுக்கு இவை கடைப்பிடிக்கப்படவில்லை. இவற்றில் அதிகம் மீறப்படுவது மதிப்பு பற்றியது; அது பெரிய கதையைச் சிறிதாக்கும்போது நடக்கிறது.

கடன் வரம்புக் கதை பெரிது என்று தெரிந்ததும், தொழில்நுட்பக் குழு அதைத் தன் வசதிக்கேற்பப் பிரிக்க முனையும்: முதலில் தரவுத்தளத்தில் அட்டவணைகள், அடுத்து கணக்கிடும் நிரல், கடைசியில் திரை. மூன்றும் முடியும் வரை விற்பனைப் பிரதிநிதிக்கு ஒன்றுமே கிடைக்காது. மூன்றாவது கட்டத்தில்தான் முதல் கட்டத்தின் பிழை தெரியவரும். வேறு விதமாகப் பிரிக்கலாம். முதலில் பாக்கியை மட்டும் காட்டுவது, தடுப்பதில்லை; அதுவே பிரதிநிதிக்கு உதவும். அடுத்து, வரம்பு மீறினால் நிறுத்திவைப்பது. அதன் பின் மேலாளரின் அனுமதி. பிறகு பாஸாகாத காசோலை. இணையமில்லாத ஊர் கடைசியில், அல்லது பிரதிநிதிகள் பெரும்பாலும் கிராமங்களுக்குச் செல்பவர்களானால் இரண்டாவதாக. ஒவ்வொரு துண்டும் திரையிலிருந்து தரவுத்தளம் வரை மெல்லிதாகச் செல்கிறது. ஒவ்வொன்றையும் பயனரிடம் காட்ட முடிகிறது. விதிகளின்படி வெட்டுவது, விதிவிலக்குகளைப் பின்னுக்குத் தள்ளுவது, ஒரு வகை வாடிக்கையாளரோடு தொடங்குவது ஆகியவை பெரும்பாலான வணிகக் கதைகளுக்குப் பொருந்தும் வழிகள். முதல் துண்டைப் பயன்படுத்திப் பார்த்த பின், மீதியில் இரண்டு தேவையே இல்லை என்று நிறுவனமே சொல்வதும் நடக்கும். பிரித்துச் செய்வதன் மிகப் பெரிய இலாபம் அதுதான்.

சிறு துண்டுகள் பெருகினால் முழுப் படம் மறையும். இருநூறு அட்டைகளை முன்னுரிமை வரிசையில் ஒரே பட்டியலாக அடுக்கிவைத்தால், ஆர்டரிலிருந்து வசூல் வரை வேலை எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. இதற்காக ஜெஃப் பேட்டன் முன்வைத்த கதை வரைபடம் 2014இல் அவருடைய நூலின் வழி பரவலாக அறியப்பட்டது. பயனரின் செயல்களை இடமிருந்து வலமாக நடக்கும் வரிசையில் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய கதைகளை மேலிருந்து கீழாக அடுக்குவது அதன் முறை. ஒரு சுவரும் ஒட்டுத்தாள்களும் போதும். வணிக மென்பொருளுக்கு இது மிகவும் ஏற்றது. ஒரு பிரிவின் வேலை முடியும் இடத்தில் அடுத்த பிரிவின் வேலை தொடங்கும் மூட்டுகளில்தான் தேவைகள் தவறிப்போகின்றன, அந்த மூட்டுகள் சுவரில் தெரியும்.

கதையாக எழுதக் கூடாதவை

எல்லாத் தேவையும் கதை ஆகாது. வரிச் சட்டம் அதற்குத் தெளிவான உதாரணம். இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், பொதுவாக ஜிஎஸ்டி விதிகளின்படி இ-வே பில் எடுக்க வேண்டும். இது பேசி மாற்றத்தக்கதல்ல. ‘கணக்காளராக, இ-வே பில் வேண்டும், சட்டத்துக்காக’ என்று எழுதுவது வாய்பாட்டை நிரப்புவதே. விதியை விதியாகவே, அது எந்த அறிவிப்பிலிருந்து வந்தது, எந்த நாள் முதல் செல்லும் என்ற குறிப்போடு தனியே எழுதிவைத்து, அது தொடும் கதைகளோடு இணைப்பதே முறை. விதிவிலக்குகளும் திருத்தங்களும் வந்துகொண்டே இருக்கும் துறையில் இப்படி இணைத்துவைத்தால்தான் திருத்தம் வந்த நாளில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று தெரியும்.

வேகம், பாதுகாப்பு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்பவையும் தனிக் கதைகளில் அடங்குவதில்லை. பில் போடும் திரை இரண்டு நொடிக்குள் திறக்க வேண்டும் என்பது ஒரு கதைக்கு உரியதல்ல, எல்லாக் கதைகளுக்கும் உரிய நிபந்தனை. இத்தகைய நிபந்தனைகளைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே எழுதி, ஒவ்வொரு கதையும் முடிந்ததாக ஏற்கப்படும் முன் அவற்றோடு ஒப்பிட வேண்டும். பயனரின் வாயிலிருந்து இவை தாமாக வராது; கேட்டு வாங்க வேண்டியவை.

தொழில்நுட்ப வேலைகளைக் கதையாக வேடமிட்டு எழுதும் வழக்கமும் பரவியிருக்கிறது. ‘நிரலாளராக, தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும்’ என்பது நியாயமான வேலை. அதை வேலை என்றே எழுதலாம்.

எந்திரம் பார்க்கக்கூடியதும் முடியாததும்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கர்ம் லூகாசெனும் சக ஆய்வாளர்களும் பயனர் கதைகளின் தரத்தை அளக்க 13 அளவுகோல்களைக் கொண்ட ஒரு சட்டகத்தை 2016இல் வெளியிட்டனர். 18 நிறுவனங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட உண்மையான கதைகளை எடுத்து, அவற்றைத் தானாகச் சோதிக்கும் ஒரு மென்பொருளையும் உருவாக்கினர். ஒரே கதையில் இரண்டு தேவைகளைச் சேர்த்திருப்பது, யார் என்பது விடுபட்டிருப்பது, ஒரே கதை இருமுறை வருவது, வடிவம் சீராக இல்லாதிருப்பது போன்ற குறைகளை அந்தக் கருவி கண்டுபிடிக்கும். தேவையின் பொருளை ஆராயும் வேலையை அவர்கள் கருவியிடம் விடவில்லை. துறையை அறிந்த மனிதர் செய்ய வேண்டியது என்று ஒதுக்கினார்கள். இந்த எல்லைக்கோடு நேர்மையானது. அட்டையின் குறையை எந்திரம் சொல்லும். நடக்காத உரையாடலை அதனால் கண்டுபிடிக்க முடியாது. சொன்னதும் நூறு கதைகளைப் பிழையில்லாத வாய்பாட்டில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இது பொருந்தும். பேச்சுக்கு முன் கேள்விகளைத் திரட்ட அவை உதவலாம். பாஸாகாத காசோலையை இந்த நிறுவனம் எப்படிக் கணக்கிடுகிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

தூரமும் இதே சிக்கலைத் தரும். சென்னையிலும் கோவையிலும் எழுதப்படும் வணிக மென்பொருளில் பெரும்பகுதி வேறு கண்டங்களில் உள்ள வாடிக்கையாளர்களுக்கானது. அங்குள்ள பயனர் சொன்னதை அங்குள்ள மேலாளர் கேட்டு, பகுப்பாய்வாளர் எழுதி, ஜிரா என்ற பணிமேலாண்மைக் கருவியில் ஏற்றி, மறுநாள் காலையில் இங்குள்ள நிரலாளர் படிக்கிறார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் காரணம் சிறிது உதிர்கிறது. இந்த ஏற்பாட்டில் உரையாடல் நடக்காது என்று கைவிடத் தேவையில்லை. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் நிரலாளரே பயனருடன் காணொளியில் பேசுவதும், பயனர் வேலை செய்யும் திரையைப் பார்ப்பதும், எண் போட்ட உதாரணங்களை இருபுறமும் ஒப்புக்கொள்வதும் இடைவெளியைப் பெருமளவு குறைக்கும். நிரலாளரை வாடிக்கையாளர் முன் விடத் தயங்கும் நிறுவனங்கள், அந்தத் தயக்கத்துக்கான விலையைத் திருத்த வேலைகளில் கொடுக்கின்றன.

இரண்டாவது முயற்சி

விர்ச்சுவல் கேஸ் ஃபைல் தோற்ற பின் எஃப்.பி.ஐ. 2006இல் சென்டினல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மொத்தத் திட்டச் செலவு 42.5 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டு, பிறகு 45.1 கோடியாக உயர்ந்தது. அதுவும் கட்டங்கட்டமாகப் பின்தங்கியது. 2010இல் பெரும்பகுதிப் பணம் செலவான நிலையில், ஒப்பந்ததாரரிடமிருந்து நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்ட எஃப்.பி.ஐ., குழுவைச் சுருக்கி, மீதித் தேவைகளைச் சுமார் 670 பயனர் கதைகளாக மாற்றி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முடிந்ததைக் காட்டும் முறைக்கு மாறியது. அதன் பின்னும் தாமதங்கள் இருந்தன. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது. கதைகளாக எழுதியதால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல முடியாது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளே வந்தது, செய்ததை அடிக்கடி காட்ட வேண்டியிருந்தது, தவறு இரண்டு வாரத்தில் தெரிந்தது. பயனர் கதை இந்தச் சூழலில்தான் வேலை செய்யும். இவை இல்லாத இடத்தில் 670 கதைகளும் 800 பக்க ஆவணமும் ஒன்றே.

கதை முடிந்த பிறகு

வேலை முடிந்து பயனர் ஏற்றுக்கொண்டதும் அட்டையின் கடமை முடிகிறது. சி3 காலத்தில் அதைக் கிழித்துப் போட்டாலும் நட்டமில்லை. இன்றைய நிறுவனங்கள் முடிந்த கதைகளை ஆண்டுக்கணக்கில் கருவிகளில் சேர்த்துவைத்து, அவற்றையே மென்பொருளின் ஆவணமாகக் கருதுகின்றன. இது நம்பத்தகாத ஆவணம். மூன்றாம் ஆண்டு எழுதிய கதை முதலாம் ஆண்டுக் கதையின் விதியை மாற்றியிருக்கும். மாற்றியதற்கான தடம் பழைய கதையில் இருக்காது. புதிதாகச் சேர்பவர் இரண்டையும் படித்துக் குழம்புவார். நிலைத்து இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தாமாக ஓடும் சோதனைகளாக மாறிய உதாரணங்கள். விதி மாறினால் சோதனை தோற்று அதைக் காட்டிக்கொடுக்கும். மற்றொன்று, இன்று நடைமுறையில் உள்ள வணிக விதிகளை மட்டும் சொல்லும் ஒரு சுருக்கமான ஏடு: கடன் வரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது, யார் தளர்த்தலாம், காசோலை எப்போது பணமாகிறது. ஒவ்வொரு கதையும் முடிவதற்கு முன் அந்த ஏட்டில் உரிய வரி திருத்தப்பட வேண்டும். திட்டத்தின் முதல் வாரத்திலேயே இந்த ஏட்டைத் தொடங்கி, அதைத் திருத்தும் பொறுப்பை நிரலாளரிடம் விடாமல் வணிகத் தரப்பில் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படைப்பது அவசியம்.